சென்னையிலிருந்து போர்ட் பிளேர்: 1,370 கிலோமீட்டரும், அதற்கு முன்னால் பதினான்கும்

கடந்த நவம்பரில், ஒரு திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குத் தம்பி மனைவி ரீனா போர்ட் பிளேரிலிருந்து கூப்பிட்டாள். தம்பிக்கு மாரடைப்பு, ஐசியூவில் சேர்த்திருக்கிறார்கள். போனை அவன் காதருகே வைத்தாள். "அக்கா, எப்ப வர்ற?" என்றான். "நாளைக்குக் காலைல பத்தரைக்கெல்லாம் அங்க இருப்பேன்டா" என்றேன். நம்பித்தான் சொன்னேன். வான்வழியில் சுமார் 1,370 கிலோமீட்டர், பயணம் இரண்டே கால் மணி நேரம். அன்று அதற்குமேல் விமானம் இல்லை. மறுநாள் காலை 8:10 விமானத்தில் இடம் கிடைத்தது.

செம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து விமான நிலையம் பதினான்கு கிலோமீட்டர். சாதாரண நாளில் நாற்பது நிமிடம். மழை என்பதால் 5:45க்கே வாடகைக் காரில் கிளம்பினேன். கிழக்குத் தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி ரோட்டைத் தொடவே 6:25 ஆகிவிட்டது. சானடோரியம் ரயில் நிலையம் அருகே வண்டிகள் அப்படியே நின்றன.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "மேடம், குரோம்பேட்டைல முட்டி வரிக்கும் தண்ணி கீதாம். இங்கியே எறங்கி ட்ரெயின புடிச்சிடு. மூணாவது ஸ்டேஷன் திரிசூலம், எதிர்லயே ஏர்போர்ட்டு."

"இவ்ளோ பெரிய பெட்டிய தூக்கிட்டு எப்படிண்ணா ஏறுவேன்? கொஞ்சம் பார்க்கலாம்."

"உன் இஷ்டம் மேடம். இன்னைக்கு ரோடு செம பேஜாரு."

பெட்டியில் பாதி, அவனுக்காக எடுத்து வைத்த சட்டைகளும் முறுக்கும். உட்கார்ந்தே இருந்தேன். பக்கத்துத் தண்டவாளத்தில் இரண்டு மின்ரயில்கள் எங்களைத் தாண்டிப் போயின. விமான நிலையத்தில் இறங்கும்போது மணி 7:32. கவுன்ட்டர் 7:10க்கே மூடிவிட்டிருந்தது. அங்கிருந்த பெண்ணிடம் அழுதேன். "சாரி மேடம், க்ளோஸ் பண்ணியாச்சு" என்றாள். அவள் மேல் தப்பில்லை.

அடுத்து இடம் கிடைத்தது 11:30 விமானத்தில், 11,850 ரூபாய். ரீனாவிடம் சொல்லிவிட்டு போனை அணைத்தேன்.

1:45க்குத் தரையிறங்கியது. வெளியே ரீனாவின் அண்ணன் நின்றிருந்தார். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. "பன்னெண்டு நாப்பதுக்கு" என்று மட்டும் சொன்னார்.

ரீனா என்னைக் குறை சொல்லவில்லை. "பத்தரைலேருந்து கதவையே பார்த்துட்டு இருந்தார் அண்ணி. ஃப்ளைட் மிஸ் ஆச்சுன்னு சொல்ல எனக்கு மனசு வரல. இப்ப வந்துடுவாங்க, இப்ப வந்துடுவாங்கன்னே சொல்லிட்டு இருந்தேன்" என்றாள். குறை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

போகப் போகிறவர்களுக்கு: தாம்பரம், கூடுவாஞ்சேரிப் பக்கமிருந்து வந்தால் மின்ரயிலே நல்லது. தாம்பரத்திலிருந்து திரிசூலம் கால் மணி நேரம், டிக்கெட் ஐந்து ரூபாய். ஸ்டேஷனிலிருந்து சுரங்கப்பாதையில் சாலையைக் கடக்கலாம். கவுன்ட்டர் மூடும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுங்கள், விமானம் கிளம்பும் நேரத்தை வைத்து அல்ல.

புதன்கிழமை அடக்கம் முடிந்தது. அதன் பிறகும் நான்கு நாள் அந்த ஊரில் இருந்தேன், ரீனாவின் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. ஆகவே பார்க்க வேண்டிய இடங்கள் எவை என்று தயவுசெய்து என்னிடம் கேட்காதீர்கள்.