பவுடர் பூசிய எஞ்சின்

சூடான சைலன்சர் குழாயில் எஞ்சின் ஆயில் சொட்டித் தீய்கிற நாற்றம் எங்காவது மூக்கில் ஏறினால், இன்றைக்கும் நான் அந்த இடத்தில் நிற்க மாட்டேன். கச்சிராயபாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில் அந்த நாற்றத்தோடுதான் அப்பாவின் பழைய டீசல் "பிக்கப்" நிற்கும். கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கும் கடுக்காயும் இறக்கிக் கொண்டுவந்து, அது ஒன்றுதான் எங்களுக்குச் சோறு போட்டது.

எஞ்சினின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான "சம்ப்"பில் ஆயில் சொட்டியதால், மெக்கானிக்குகள் மாற்றி மாற்றி அதையே முறுக்கிவிட்டார்கள், ஒழுகல் நின்றபாடில்லை. அப்பாவுக்கோ மேலேதான் சந்தேகம். "சொட்டுற எடம் வேற, ஒழுவுற எடம் வேற" என்பார். ஆனால் தினமும் மலை ஏறி இறங்கும் வண்டியை நிறுத்திவைத்துப் பார்க்க ஏது நேரம்?

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் அந்த நேரத்தைக் கொடுத்தது. மறியலுக்காகச் சாலையெங்கும் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். லோடோடு போன அப்பா, கள்ளக்குறிச்சிச் சாலையில் குறுக்கே கிடந்த ஒரு புளியமரத்தின் முன்னால் வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு, வழியில்லாமல் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார். மறுநாள் காலை, "சும்மாதான குந்திக்கினு கீறேன், இன்னிக்குப் பாத்துடலாம்" என்று டீசல் ஊற்றி எஞ்சினைத் தேய்த்துக் கழுவினார். துணியால் துடைத்துக் காயவிட்டு, அம்மாவின் முகப்பவுடரை மேலிருந்து கீழ்வரை தூவினார். வண்டியை ஓடவிட்டால் எங்கே முதலில் பவுடர் நனைகிறதோ அங்கேதான் ஒழுகல். "கல்யாண மாப்ளைக்குக்கூட இவ்ளோ பூச மாட்டாங்க" என்று அம்மா சிரித்தாள்.

சாவி போடுவதற்குள் போலீஸ் வந்துவிட்டது. வெட்டிய மரத்தருகே கிடந்த ஆயில் திட்டில் தொடங்கி, சாலையில் சொட்டுச் சொட்டாக விழுந்திருந்த தடத்தைப் பிடித்துக்கொண்டே எங்கள் வாசலுக்கு வந்திருந்தார்கள். மரம் வெட்ட ஆளும் ரம்பமும் ஏற்றிப்போன வண்டி இதுதான் என்பது அவர்கள் முடிவு.

"இன்னாடா, தடயத்தக் கழுவிட்டியா?" என்றார் அதிகாரி.

அம்மாதான் குறுக்கே போய் நின்றாள். "ஒழுவறது எங்கன்னு பாக்கத்தான் கழுவுனாரு சாமி. ஓடவுட்டுப் பாருங்க, பொய்யா நெஜமான்னு தெரிஞ்சிடும்."

ஓடவிட்டார்கள். எஞ்சினின் மேல்மூடி ஓரத்தில் பவுடர் கறுத்தது. அங்கிருந்து கோடாக இறங்கி, சம்பின் நுனியில் வந்து சொட்டியது. அட, அப்பா சொன்னதுதான் சரி என்று ஒரு நொடி எனக்குச் சந்தோஷம்கூட வந்தது.

அதிகாரி குனிந்து பார்த்தார். "ஒழுவுதில்ல? அப்போ அங்க கெடக்கறது உன் வண்டி ஆயிலுதான். ஏறுடா ஜீப்புல."

அந்த வட்டாரத்தில் ஒழுகாத டீசல் வண்டி எது? யாரிடம் போய்க் கேட்பது! ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த அப்பாவால், அங்கே அடிபட்ட இடது கையைக்கொண்டு அப்புறம் கியர் போடவே முடியவில்லை. வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். அம்மா கரும்பு வெட்டப் போனாள்.

இன்று அந்தச் சாலையில் புளியமரங்கள் இல்லை, அந்த மாதிரி வண்டிகளும் இல்லை. ஆண்டுதோறும் ஊரில் நடக்கும் போராட்ட நினைவுக் கூட்டத்தில் அப்பாவின் பெயரையும் போராட்ட வீரர் என்று வாசித்து, என்னைக் கூப்பிட்டுச் சால்வை போர்த்துகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உயிரோடு இருந்தவரை அவர் மேடைக்குக் கீழே நின்று கையெடுத்துக் கும்பிட்டு, "நா எந்தப் போராட்டத்துக்கும் போவலீங்க, வண்டி ஒழுவுச்சி, அவ்ளோதான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அப்படிச் சொல்ல இருந்த ஒரே ஆளும் இப்போது இல்லை.