நான்கு வீட்டு அரிசி

சாந்தோமில் லூயிசா டீச்சர் குடியிருந்த சந்தில் அவர் பேச்சை யாரும் தட்டுவதில்லை. பங்குப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுப்பவர். சந்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள். அதனால், எழுபத்து நான்காம் வருடம் அரிசி விலை தாறுமாறாக ஏறியபோது, "நாலு வீடும் சேர்ந்து வேளச்சேரியில நெல்லாவே வாங்கிடலாம்" என்று அவர் சொன்னதும் மற்ற மூன்று வீடுகளும் தலையாட்டின.

மயிலாப்பூரில் சூப்பர் மார்க்கெட் வந்திருந்தது. கல் பொறுக்கிய அரிசி, பையில் கட்டித் தயாராக இருக்கும். டீச்சர் இரண்டு முறை போய் விலையைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"வண்டிக்கூலி, மில் கூலி எல்லாம் போட்டாலும் நமக்கு லாபந்தாங்க" என்று கணவரிடம் சொன்னார்.

துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்த வால்டர் அதிகம் பேசாதவர். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார்.

வேளச்சேரி ஏரிக்குக் கீழே கனகராஜ் என்ற விவசாயிக்குக் கொஞ்சம் நிலம் இருந்தது. தை மாதம் அவரிடம் நெல்லாக வாங்கி அரைத்த அரிசி அத்தனை ருசி. பக்கத்து வீட்டு ஹாஜிரா பீ தெருக்குழாயடியில் அந்தச் சோற்றைப் பற்றியே பேசினாள். டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை.

புரட்டாசியில்தான் வினை வந்தது. சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுவடையோடு மழையும் சேர்ந்துகொண்டது. வீடுகளில் அரிசி தீர்ந்துவிட்டது. "எப்போ வரும் டீச்சர்?" என்று மாறி மாறிக் கேட்டார்கள். அவர்களில் ஒருத்தி சூப்பர் மார்க்கெட் பையோடு வாசலைக் கடந்து போனதைப் பார்த்ததும் டீச்சருக்கு முகம் சுண்டிவிட்டது. மறுநாளே வேளச்சேரியில் போய் நின்றார்.

கனகராஜ் அவித்த நெல்லை அள்ளிக் காட்டினார். "இன்னும் ஈரம் கீதும்மா. நல்லா ஒரு வெயில் அடிக்கட்டும். ஒரு வாரம் பொறுத்துக்கோங்க."

"அவ்ளோ நாள் அவங்கள காக்க வைக்க முடியாது. மில்லுக்கு அனுப்புங்க."

"நான் சொல்றத சொல்ட்டேன். அப்பால என்னைக் கேக்கக் கூடாது."

அரைத்த அரிசி மூட்டைகள் டீச்சர் வீட்டு முன்னறையில் வந்து இறங்கின. வீட்டுக்கு ஒரு மூட்டை என்று பிரிப்பதற்குள் மழை இன்னும் வலுத்தது. ஒரு நாள் காலையில் அடி மூட்டைக்குள் கையை விட்டார். உள்ளே கதகதவென்று இருந்தது. புளித்த வாடை குப்பென்று அடித்தது. பிரித்துக் கொட்டினால் அரிசி பழுப்பேறிக் கட்டிகட்டியாக ஒட்டிக் கிடந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. கெடாததையெல்லாம் பொறுக்கிச் சேர்த்து மூன்று வீட்டுக்கும் கொடுத்தார். கெட்டது தன் வீட்டுக்கு. வெயில் தலைகாட்டும்போதெல்லாம் மாடியில் உலர்த்தினார். பல தண்ணீர் கழுவினார். வாடை போகவில்லை. வால்டர் மீன்குழம்பை நிறைய ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்.

கார்த்திகையில் வால்டருக்கு வயிற்றுவலி கண்டது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். காரணம் இதுதான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. டீச்சரும் துருவிக் கேட்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பிய வால்டருக்குக் கஞ்சி வைத்துத் தரலாமென்று வந்த ஹாஜிரா பீ, அரிசிப் பானையைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"இன்னா டீச்சர் இது? எங்களுக்குத் தந்தது இப்டி இல்லியே?"

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "என் அவசரத்தால கெட்டுது. உங்களுக்கு எப்படிக் குடுக்கறது?"

"லாபம்னா நாலு வீடு, நஷ்டம்னா நீ மட்டுமா? அந்த மனுஷன் இன்னா பாவம் பண்ணாரு? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆளுக்குக் கொஞ்சம் நல்ல அரிசி தந்திருக்க மாட்டோமா?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. தன் வீட்டு அரிசியை முறத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

விஷயம் மற்ற இரண்டு வீடுகளுக்கும் தெரிந்த பிறகு நான்கு வீடுகளும் சேர்ந்து எதையும் வாங்கவில்லை. பார்த்தால் சிரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். டீச்சரும் சூப்பர் மார்க்கெட் வரிசையில் நின்று, கேட்ட விலையைக் கொடுத்து வாங்கிவந்தார். வெள்ளை வெளேரென்று சோறு வடித்துப் போட்டாலும், வால்டர் இரண்டு கவளத்துக்கு மேல் சாப்பிடுவதில்லை. "போதும்" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவார்.