மன்றத்துப் பலகையில் இரண்டு டின்கள்

என் வலைப்பூவின் ஓரம் வெறுமையாகக் கிடக்கிறதே என்று போன வாரம் மகள் அங்கே சில விட்ஜெட்டுகளை ஒட்டிக்கொடுத்தாள். மழை வருமா என்று சொல்ல ஒன்று, வாக்குப் போட ஒன்று. "ஒரு வரி கோட் போதும்ப்பா. யாரோ செஞ்சது நம்ம பக்கத்துல வந்து ஒட்டிக்கும்லா" என்றாள். என்னை வாசிக்க வருவதே நாலு பேர், அவர்களும் சொந்தக்காரர்கள். அவர்களுக்கு எதற்கு வாக்கெடுப்பு என்று சிரித்துக்கொண்டே அந்த வாக்குப் பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். வசந்தி நினைவுக்கு வந்துவிட்டாள்.

எண்பதுகளில், கோல சிலாங்கூர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்து இளைஞர் மன்றத்தில் ஒரு செய்திப் பலகை இருந்தது. எழுதுவது நான், ஒட்டுவது வசந்தி. அவளுக்கு ஆயாக்கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. நான் பாசிர் பெனம்பாங்கில் மீன் பிரித்துவிட்டு வருவேன். எவ்வளவு சோப்புப் போட்டாலும் வாடை போகாது. "கட்டுரைய அங்கயே வச்சிட்டுத் தள்ளி நில்லு" என்பாள். அந்தக் கட்டுரைகளை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அவள் ஓரத்தில் ஒட்டிய சின்னச் சாமான்களுக்குத்தான் கூட்டம். மழையா வெயிலா என்று திருப்பிவைக்க ஓர் அட்டைச் சக்கரம், கேள்வி எழுதிப் போட ஒரு துணிப்பை. பக்கத்துத் தோட்டத்து மன்றத்தார் கேட்டால் அதேபோல் இன்னொன்று செய்து கொடுத்தனுப்புவாள்.

ஒரு நாள் பலகைக்குக் கீழே இரண்டு பால் டின்களைக் கட்டினாள். ஒன்றில் 'போகலாம்', இன்னொன்றில் 'வேண்டாம்'. மேலே, 'ஒரு பெண் வெளியூரில் தங்கி வேலைக்குப் போகலாமா?' ரப்பர் கொட்டையைப் போட்டு வாக்களிக்க வேண்டும். அந்தப் பெண் யாரென்று தோட்டத்துக்கே தெரியும். அவளுக்கு ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்திருந்தது. பால்மரம் சீவும் அவள் அப்பா முடியவே முடியாது என்றுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே மன்றத்துக்கு வந்தார். கேரம் ஆடியவர்கள் கையை நிறுத்தினார்கள்.

"என்னா வசந்தி, இது ஒன்னப் பத்தித்தானே?"

"ஆமாம்ப்பா."

"என்கிட்ட நேராக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன். நீங்க காதுல வாங்கல."

அவர் திரும்பி வெளியே போனார். கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தோம். மரத்தடியில் ஒரு கொட்டையைப் பொறுக்கி, சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். அவருக்கு எழுத்து தெரியாது. "எதும்மா போலாம்?" என்று அவளையே கேட்டார். அவள் காட்டினாள். கொட்டை டின்னில் விழுந்தது. வசந்தி முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அவள் புறப்பட்ட காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் நான்தான் போனேன்.

"நீ எதுல போட்ட?" என்றாள்.

"போகலாம்லதான்." உண்மைதான். மனசு வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அதில்தான் போட்டிருந்தேன்.

பெட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீயாவது வேண்டாம்னு போட்டிருப்பேன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

ரவாங்கிலேயே அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது. தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. அதுவும் போய் இப்போது வரிசை வரிசையாக வீடுகள். மன்றம் எங்கே இருந்தது என்று சொல்ல ஒரு மரம்கூட மிச்சமில்லை. அந்தப் பஸ் திரும்பி மறைந்த வளைவையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று போன வருஷம் போயிருந்தேன். சாலையை நேராக்கியிருக்கிறார்கள்.