ஏழு பேர் படித்த புத்தகம்

எனக்கு ஆங்கிலம் வராது. இதைச் சொல்ல இப்போது ஒரு வெட்கமும் இல்லை. எண்பதுகளில், கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் வணிகவியல் விரிவுரையாளராகச் சேர்ந்தபோது, இதை மறைப்பதே எனக்குப் பாதி வேலையாக இருந்தது. பாரூரில் தமிழ் வழியில் படித்து, எம்.காம். பரீட்சையை மட்டும் ஆங்கிலத்தில் உருப்போட்டு எழுதி வந்தவள் நான். வகுப்பில் தமிழிலேயே சமாளித்துவிடுவேன். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். அவர்களும் என் ஆங்கிலத்தைத் தேடவில்லை.

பெங்களூரில் ஏதோ பயிற்சிக்குப் போன எங்கள் முதல்வர், திரும்பும்போது தடியாக ஓர் ஆங்கிலப் புத்தகம் வாங்கி வந்தார். பாடம் நடத்துவது எப்படி என்று சொல்லும் புத்தகம். அவரையும் சேர்த்து ஏழு பேர் அதைப் படிக்க வேண்டும், மாதக் கடைசிச் சனிக்கிழமை கூடிப் பேச வேண்டும் என்று உத்தரவு. இருந்தது ஒரே பிரதி. முதலில் அவர் படித்துவிட்டு, ஆளுக்கு நான்கு நாள் என்று கைமாற்றச் சொன்னார். முதல் கூட்டத்தில் மூன்றாம் அத்தியாயத்தை நான் விளக்க வேண்டும். வகுப்பில் கேள்வி கேட்பது பற்றிய அத்தியாயம் அது.

“நீங்க பேசறதப் பாத்துட்டுத்தாம்மா உங்க ஃபைல்ல எழுதப் போறேன்” என்றும் சொல்லிவிட்டார். என் இரண்டு வருட ப்ரொபேஷன் முடிகிற நேரம் அது. வேலை போய்விடுமோ என்று வீட்டில் புலம்பினேன். ஓசூரில் ஒரு ஃபாக்டரியில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், “போனா போவுது, ஊட்ல இரு” என்றார். அவருக்கென்ன, வாய் கூசாமல் சொல்லிவிட்டார். வீட்டில் இருக்கவா நான் இவ்வளவு படித்தேன்!

புத்தகம் கடைசியாகத்தான் என் கைக்கு வந்தது. ஓசூர் பஸ்ஸில் திறந்தேன். சூளகிரி தாண்டுவதற்குள் முன்னுரையின் முதல் பக்கத்தை மூன்று முறை படித்துவிட்டேன். ஒரு மண்ணும் புரியவில்லை. மறுநாள் என் முகத்தைப் பார்த்தே பொருளாதாரத் துறை சார் கண்டுபிடித்துவிட்டார்.

“எதுக்கு மேடம் அவஸ்தை? நான் நோட்ஸ் எடுத்து வச்சிருக்கேங்க. பாத்து எழுதிக்குங்க. யாருகிட்டயும் சொல்லாதீங்க.”

மகராசன் என்று மனசுக்குள் கும்பிட்டேன். மூன்று பக்க நோட்ஸ். அதன் பிறகு புத்தகத்தின் அட்டையைக்கூட நான் தொடவில்லை.

சனிக்கிழமை மதியம் நூலகத்தில் கூடினோம். நான் எழுந்து கடகடவென்று ஒப்பித்தேன். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும் என்ற இடம் வந்தபோது, பக்கத்திலிருந்த வேதியியல் மேடத்தின் உதடுகள் அந்த வாக்கியத்தை எனக்கு முன்னாலேயே முடித்தன. எதிரே இருந்த கணித சாரும் தாளம் தப்பாமல் தலையாட்டினார். எனக்குச் சுருக்கென்றது.

“அருமைம்மா” என்றார் முதல்வர். “அந்த எடத்த புத்தகத்துல இருந்தே படிச்சுக் காட்டுங்க.”

மூன்றாம் அத்தியாயத்தைத் திறக்கப் போனேன். திறக்கவில்லை. அச்சகத்தில் ஓரம் வெட்டாமல் விட்டிருந்தார்கள். மேல் மடிப்பில் தாள்கள் ஒன்றோடொன்று சேர்ந்தே இருந்தன. அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன். அதுவும் அப்படியே. கடைசி வரை அப்படியே. ஆறு பேர் கைமாறி வந்த புத்தகம்! எனக்கு முதலில் வந்தது கோபம். இதற்காகவா நான் பத்து நாள் சோறு இறங்காமல் கிடந்தேன்? பயம் அப்புறம்தான் வந்தது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வாய் கேட்கவில்லை.

“சார், இந்தப் பக்கத்த யாரும் வெட்டவே இல்ல. நானும் படிக்கலீங்க. மொதப் பக்கத்தையே மூணு தரம் படிச்சேன், புரியல. எனக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதுங்க சார். நான் சொன்னது பூரா நோட்ஸு.”

பொருளாதார சார் ஜன்னலைப் பார்த்தபடி, “நானும் பொருளடக்கத்தப் பாத்துதாங்க எழுதுனேன். மிச்சம் என் சரக்கு” என்றார். வேதியியல் மேடம் தன் கைப்பையிலிருந்து அதே மூன்று பக்கங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார். கணித சாரும் மற்ற இருவரும் வைத்தார்கள். நோட்ஸை உருப்போடாதே என்று பிள்ளைகளைத் தினமும் திட்டுகிறவர்கள் நாங்கள்.

இப்போது எல்லோரும் முதல்வரைப் பார்த்தோம். புத்தகத்தை முதலில் வைத்திருந்தவர் அவர்தானே. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மெதுவாகத் துடைத்தார்.

“பெங்களூர்லயும் நோட்ஸுதாம்மா குடுத்தாங்க.”

அப்புறம் நாங்கள் சிரித்த சிரிப்புக்கு நூலகர் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். அப்பாடா! இரண்டு வருடமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த கல்லை யாரோ இறக்கி வைத்தார்கள். முதல்வர் ஒரு மர ஸ்கேலை வாங்கி, மடிப்புகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அன்று ஒன்றரை மணி நேரத்தில் இரண்டே பக்கம் படித்தோம். பிடிபடாத வரிகளைத் தமிழிலும் தெலுங்கிலும் சொல்லிப் பார்த்தோம். அவருக்கும் பல வரிகள் பிடிபடவில்லை என்று கண்டபோது, கடவுளே, எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

எல்லோரும் கிளம்பிய பிறகு நான் தயங்கி நின்றேன்.

“சார், என் ஃபைல்ல புத்தகம் படிக்கலன்னு எழுதுவீங்களா?”

“எழுதலாம். எழுதுன ஆளு படிச்சானான்னு கமிட்டில கேட்டா நான் எங்கம்மா போறது?”

என் எதிரிலேயே ஃபைலை எடுத்து எழுதி, என் பக்கம் திருப்பினார். வழக்கமாக ஆங்கிலத்தில் எழுதுகிறவர், எனக்குப் புரியட்டும் என்று தமிழில் எழுதியிருந்தார்: ‘தெரியாததைத் தெரியாது என்று சொல்லக்கூடிய ஆசிரியர். எங்களில் முதலில் சொன்னவரும் இவரே. பணி நிரந்தரம் செய்யலாம்.’

அங்கேயே அழுதுவிட்டேன்.