கணுக்கால் தின்ற முட்டைகள்

ஓடத் தெரியும் என்பதற்காக வேலைக்கு எடுக்கப்பட்டவனுக்குக் கால்தான் சான்றிதழ். அதில் அடிபட்டால் அவன் வேறு எதைக் காட்டுவது? காலைக் கட்டிப்போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எழுபதுகளின் கடைசியில் அரியலூருக்கு வெளியே ஒரு சிமென்ட் ஆலையில் நான் கேட் காவலாளி. ஆலைகளுக்கு இடையே நடக்கும் பந்தயத்தில் ஐயாயிரம் மீட்டர் ஓடுவதுதான் உண்மையான வேலை. இன்னும் நிரந்தரமாகவில்லை.

லாரியிலிருந்து விழுந்த கல்

விடிந்ததும் சுரங்கத்து ரோட்டில் ஓடிப் பழகுவேன். ஒருநாள் லாரியிலிருந்து உருண்டு கிடந்த சுண்ணாம்புக்கல்லில் இடது காலை வைத்துவிட்டேன். கணுக்கால் மடங்கியது. எழுந்து நிற்கப் பார்த்தபோது முதலில் பயம்தான் வந்தது, வலி அப்புறம்.

பந்தயத்துக்கு மூன்று மாதம் இருந்தது. வீங்கிய காலை என்னை வேலைக்கு எடுத்த ஆபீசர் பார்த்தார், திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "கேட்டுல நிக்கறதுக்கு ஆளுங்க நிறைய இருக்காங்க தம்பி. ஓடறதுக்குத்தான் உன்னைய எடுத்தோம்."

உள்ளே ஒன்று, வெளியே ஒன்று

ஆஸ்பத்திரியில் சின்ன விரிசல் என்றார்கள், மாவுக்கட்டு போடலாம் என்றார்கள். நான் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் யார்தான் கேட்டார்கள்? நேரே குரும்பலூர்ப் பக்கம் எலும்புக்குக் கட்டுப் போடுகிறவரிடம் போனேன்.

முட்டையின் வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துத் துணியால் இறுக்கினார். மிஞ்சிய மஞ்சள்கருவை வீணாக்காமல் என் வாயிலேயே ஊற்றிவிட்டார். தினம் ரெண்டு முட்டை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப், முடிந்தபோதெல்லாம் உளுந்தங்களி என்று பத்தியம் சொன்னார். "மேல பூசற முட்டை எலும்ப ஒட்டத்தான் வைக்கும். ஓட வைக்கிறது உள்ள போற முட்டைதாங்க."

கேன்டீன் ஆட்டுக்கல்

ஆறு வாரத்துக்கு என்னைக் கேன்டீனில் உட்கார்த்தி வைத்தார்கள். இட்லிக்கு மாவு ஆட்டும் வேலை. காலுக்கு ஓய்வு, தோளுக்கும் கைக்கும் நல்ல பயிற்சி. சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் உட்கார்ந்து எழுவேன். ஆனாலும் பேன்ட் பட்டன் போட முடியவில்லை. ஓடிய காலத்துப் பசி அப்படியே இருந்தது, ஓட்டம்தான் இல்லை.

சமையல்காரர் கலியன் என் தட்டைப் பார்த்தார். "ஓடுனப்ப தின்னதையே ஒக்காந்துக்கிட்டுத் தின்னா, காலு ஆறங்காட்டியும் வயிறு முன்னால ஓடும்."

அப்புறம் சாப்பிடுகிறவள்

மறுநாளே சோற்றைக் குறைத்தேன். முட்டையைக் குறைக்கவில்லை. எங்கள் வீட்டில் ரெண்டு கோழிகள் இருந்தன. அவை இட்டதெல்லாம் என் தட்டுக்கு வந்தது. என் மனைவி செல்விக்கு அப்போது நாலாம் மாதம். எனக்குப் போட்டுவிட்டு, நான் எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். எங்கள் வீடுகளில் அப்படித்தான். அந்த நேரத்தில் நான் கொல்லையில் உட்கார்ந்து எழுந்துகொண்டிருப்பேன். அவள் தட்டில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

ஒரே ஒருநாள், "நீயும் ஒரு முட்டை எடுத்துக்கயேன்" என்றேன். அதுவும் வாயில் முட்டையை வைத்துக்கொண்டு. "நீங்க ஓடுனாத்தான் வேல. வேல இருந்தாத்தான் நாம சாப்பிடறது. மொதல்ல நீங்க தேறுங்க."

சான்றிதழ் வாங்கப் போன இடம்

அடிபட்டு ரெண்டு மாதம் கழித்து, கால் சரியாகிவிட்டது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி வரச் சொன்னார் ஆபீசர். செல்வியும் டவுனுக்கு வருகிறேன் என்று கூட வந்தாள். ஆஸ்பத்திரி வரிசையில் நின்றபோது அப்படியே என் மேல் சாய்ந்து விழுந்தாள். வெயில் என்று நினைத்தேன்.

நர்ஸ் அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்திருந்தது. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். "கஞ்சிங்க. ஊறுகா." முட்டை சாப்பிடுவாயா என்று கேட்டார். செல்வி என் காலைப் பார்த்தாள். அந்த நிமிஷத்தில் அந்தக் கால் என்னுடையதாக இல்லாமல் போயிருக்கலாம் என்று இருந்தது எனக்கு. நர்ஸும் குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தார். "காலு நல்லா கூடியிருக்குங்க. ஒங்க வூட்டுல ஒடம்பு சரியில்லாம இருந்தது நீங்க இல்ல."

நாலாவது இடம்

அன்று ராத்திரியிலிருந்து ரெண்டு தட்டும் ஒன்றாகவே வைத்தோம். அவள் முட்டையை என் பக்கம் தள்ளுவாள். அவள் சாப்பிடும்வரை நான் கை வைக்காமல் உட்கார்ந்திருப்பேன். பந்தயத்தில் நாலாவதாக வந்தேன், வேலை நிலைத்தது. குழந்தை நாள் முந்திப் பிறந்தாள், என் ரெண்டு உள்ளங்கையில் அடங்கினாள். அழுகைகூடச் சரியாக வரவில்லை. பிழைப்பாளா என்று தெரியாமல் ரெண்டு வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்தேன்.

வீட்டுக்கு வந்த அன்று அவளை என் மடியில் போட்டாள் செல்வி. என்னைக் குறை சொல்லி ஒரு வார்த்தை இல்லை. குழந்தையிடம்தான் பேசினாள். "அப்பாவுக்குக் காலு தேறிடுச்சுடி. நீயும் தேறிடுவ."

ஒரு கணுக்காலைத் தேற்றுவதற்காக ரெண்டு உயிர்களின் சாப்பாட்டைச் சேர்த்துத் தின்று நாலாவதாக வந்தவன் அந்தப் பந்தயத்தில் நான் ஒருவனாகத்தான் இருந்திருப்பேன்.