அக்கா தங்கையைச் சேர்த்துவைத்த கதை

எட்டாம் வகுப்பு படிக்கும்போதே நான் எழுத்தாளராகிவிட்டேன். டிவி சீரியல் ஒன்றில் ஜென்மப் பகையோடு திரிந்த ஓர் அக்காவையும் தங்கையையும் எடுத்துக்கொண்டு, அம்மாவின் போனில் இருந்த கதை எழுதும் ஆப்பில் அவர்களை என் இஷ்டத்துக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அதற்கு ஃபேன் ஃபிக்‌ஷன் என்று பெயர் என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஒரே அத்தியாயத்தில் இருவரையும் சேர்த்துவைத்தேன். தங்கை கதறி அழுதாள். அக்கா கட்டிப்பிடித்துப் பாயசம் ஊட்டினாள்.

முகம் தெரியாத ஒரு வாசகி கீழே கேட்டிருந்தார்: “நேத்து வரைக்கும் விஷம் வைக்கப் பாத்தவ, இன்னைக்குப் பாயசம் ஊட்டுவாளா? நடுவுல அவ மனசுல என்னதான் நடந்துச்சு?”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு ஜோடி இருந்தது. தொண்டாமுத்தூரில் நாங்கள் புதுவீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, அன்னூரிலிருந்து விடியற்காலையிலேயே வந்த பெரியம்மாவை வாசலில் யாரும் “வாங்க” என்று கூப்பிடவில்லை. பச்சைத்தண்ணிகூடக் குடிக்காமல் அவர் திரும்பிப் போய்விட்டார். அதோடு அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் பேச்சு நின்றது. எனக்கு முழுப்பரீட்சை லீவில் அன்னூர் போவதும், பெரியம்மா தலைக்கு எண்ணெய் வைத்துவிடுவதும் நின்றன. சீரியல் சகோதரிகள் மேல் எனக்கு அத்தனை அக்கறை வந்ததற்கு அதுதான் காரணமோ என்று இப்போது தோன்றுகிறது.

நான் எட்டாவது படித்த அந்த வருஷம்தான் எங்கள் தோட்டத்துக்குள் யானை புகுந்தது. வெட்டுக்கு வந்திருந்த நேந்திரன் வாழையில் பாதி சாய்ந்துவிட்டது. அப்பா வனத்துறைக்காரர்களைப் பார்க்கப் போயிருந்தார். விஷயம் கேள்விப்பட்ட பெரியம்மா, பஸ் மாறி மாறி வந்து மத்தியானம் எங்கள் வாசலில் நின்றார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இதோ அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் போகிறார். பார்த்து அப்படியே எழுதிவிடலாம்.

அம்மா அசையவே இல்லை. பெரியம்மா என்னைப் பார்த்து, “ஏங்கண்ணு, ஆருக்கும் ஒண்ணும் ஆகலியே?” என்றார்.

“அவங்க சாப்புட்டாங்களான்னு கேளு,” என்றார் அம்மா என்னிடம்.

“ஆச்சுன்னு சொல்லு கண்ணு.”

நாலடி தூரத்துக்கு நான் தூது போனேன். பெரியம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கினார். தேறிய காய்களையாவது எடுக்க வேண்டுமே. அம்மா ஓர் அரிவாளைக் கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டு வந்தார். பெரியம்மா அதை எடுத்து ஒரு தாரை வெட்டிப் பார்த்தார்.

“இதுல வெண்ணெயக்கூட அறுக்க முடியாது,” என்று வாழைமரத்திடம் சொன்னார்.

“சாணை புடிக்கிறதுக்கு இங்க ஆள் இல்லை,” என்று அம்மா இன்னொரு மரத்திடம் சொன்னார்.

சொல்லிவிட்டு அவரும் இன்னோர் அரிவாளை எடுத்துவந்து வெட்ட ஆரம்பித்தார். திடீரென்று அம்மா அரிவாளைக் கீழே போட்டார்.

“பால் பொங்கிட்டிருந்துச்சு, உட்டுப்போட்டு வர முடியுமா? நீ என்ன விருந்தாளியா, உனக்கு வாங்கன்னு சொல்றதுக்கு?”

“நாலு பேரு பாக்க வாசல்ல நின்னவளுக்குத்தான்டி தெரியும்!”

“நீ சாப்புடாமப் போனீன்னு அன்னைக்கு நானும் ஒரு வாய் சாப்புடல. அது தெரியுமா உனக்கு?”

“சொன்னாத்தானே தெரியும்! வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?”

பக்கத்துத் தோட்டத்து நாய் குரைக்கிற அளவுக்குச் சத்தம். இத்தனை நாளும் “அவங்க, இவங்க” என்று மரியாதையாகவாவது சொல்லிக்கொண்டிருந்த அம்மா, இப்போது அக்காவை நீ, வா, போ என்கிறார். எல்லாம் முடிந்துபோயிற்று என்று வீட்டுக்குள் ஓடினேன்.

அழுதுகொண்டே அந்தச் சண்டையை ஒரு வார்த்தை விடாமல் சீரியல் சகோதரிகளின் வாயில் வைத்து எழுதிப் பதிவேற்றினேன். முடிவில் அவர்கள் நிரந்தரமாகப் பிரிந்ததாகத் தெளிவாகவே எழுதியிருந்தேன். சற்று நேரத்தில் அதே வாசகியிடமிருந்து பதில்: “இப்பத்தான் நம்ப முடியுது. எவ்வளவு அழகாச் சேத்து வெச்சுட்டே! கடைசி வரியை மட்டும் எடுத்துடு.”

சரியாகப் படிக்காமலே கருத்துச் சொல்கிறவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அறையை விட்டு வெளியே வந்து பார்த்தால், இருவரும் மண் அப்பிய கையோடு அடுப்படியில் நின்று, வாழைக்காயை வறுப்பதா பொரிப்பதா என்று இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியம்மா இனியும் அவமானப்பட வேண்டாமே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது. மெதுவாகப் பக்கத்தில் போய், “பெரிம்மா, அஞ்சரை பஸ்சு இன்னும் போகலீங்க. இப்பக் கெளம்புனாப் புடிச்சிரலாம்,” என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மாதான் முதலில் சிரிக்க ஆரம்பித்தார். பெரியம்மா கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியாமல், பஸ் போய்விடுமே என்ற கவலையோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.