பூ தைக்க விடாத கலைஞர்

கோட்-டெ-நெய்ஜ் மெட்ரோ ரயில் நிலைய வாசலில், மடக்கு மேசையில் சிவப்புத் துணியை விரித்து, கண்ணாடி மணிகளைப் பூப்பூவாகத் தைத்துக்கொண்டிருக்கிறார் ஒரு மோஹாக் பூர்வகுடிக் கலைஞர். ஆணும் பெண்ணுமாகத் தனக்கு இரண்டு ஆன்மா என்கிறார். தம் பாலினரையே நேசித்ததற்காக வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, போன இடமே தெரியாத பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பூ. ஊர்வலங்களில் இந்தத் துணிதான் முன்னால் போகுமாம். வழிப்போக்கர்களும் தைக்கலாம்.

நான் ரொறன்ரோவிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். முழங்கால் நோவுக்கு அவருடைய கதிரையில் உட்கார்ந்தவன், சும்மா இருக்கிறேனா? "இதில் ஒரு மணி பிழை. சிவப்புக்குள் நீலம்" என்று ஆங்கிலத்தில் திருத்துகிறேன்.

"வேண்டுமென்றே வைத்தது, அங்கிள். குறையே இல்லாமல் செய்ய நாங்கள் யார்? நீங்கள் வாத்தியாரோ?"

மகனையும் இப்படித்தான் திருத்தப் பார்த்தேன். திருந்தவில்லை என்று கதவைப் பூட்டினேன். அவனைப் பார்க்கத்தான் வந்தேன். மூன்று நாளாக அவனுடைய தெருவைத் தவிர மற்ற எல்லாத் தெருவையும் பார்த்துவிட்டேன். இப்போதும் ஊசியை எடுத்துக்கொண்டு, "என் கூட்டாளி தன் மகனைத் துரத்திவிட்டான். அந்தப் பிள்ளைக்கு ஒரு பூ தைக்கட்டுமா?" என்கிறேன்.

"பிள்ளை எங்கே?"

"இரண்டு தெரு தள்ளி. தன் துணைவனோடு."

அவர் ஊசியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார். "விலாசம் தெரிந்த பிள்ளைக்குப் பூ எதற்கு? போய்க் கதவைத் தட்டச் சொல்லுங்கள். உங்கள் கூட்டாளிக்கு நடக்க முடியும்தானே?"

"மெதுவாக" என்கிறேன்.

மேசையில் சாய்த்து வைத்த என் கைத்தடியை எடுத்து நீட்டுகிறார்.